தங்கைக்கு மட்டும் முளைத்தது

சலவைக்கூடத்தில் இரண்டாவது கொதிகலன் வைத்த வருடம் தங்கையின் இடது தோளில் மூன்று வெள்ளைக் காளான்கள் முளைத்தன. திங்கட்கிழமை குண்டூசித் தலையளவு இருந்தவை வியாழக்கிழமை குடை விரித்துவிட்டன. அக்காவும் தங்கையும் அந்தக் கூடத்தில் விடுதிகளின் படுக்கை விரிப்புகளை ஆளுக்கொரு முனை பிடித்து மடிப்பவர்கள். ஒரே அறை, ஒரே கட்டில், ஒரே சோப்பு. கூட வேலை செய்தவர்கள் அக்காவுக்கு வைத்த பெயர் சவுக்காரம். குழாயைக் கழுவிவிட்டுத்தான் கை கழுவுவாள் என்பார்கள். அப்படிப்பட்டவளின் கூடப்பிறந்தவளுக்கு இப்படி.

"ஒழுங்கா தேய்ச்சுக் குளிச்சா இதெல்லாம் வருமாடி?"

"நீயும் நானும் ஒரே தண்ணியிலதானேக்கா குளிக்கிறோம்."

அதை அக்கா வாய்த்துடுக்கு என்று எடுத்துக்கொண்டாள். மூன்றையும் கிள்ளி எறிந்தாள். அந்த இடத்தில் ஏழு வந்தன. துணிக்குப் போடும் வெளுப்புத்தூள் வரை பூசிப் பார்த்தாயிற்று, தோல் வெந்ததுதான் மிச்சம். தங்கை உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் மறுநாள் குடைகள் நின்றன. அவள் மடித்த விரிப்புகளுக்குள் மெல்லிய வெண்ணூல் ஓடியது. ஆனால் அவற்றில் படுத்துறங்கிய ஒருவருக்கும் எதுவும் முளைத்ததாகப் புகார் வரவில்லை. அதை யாரும் யோசிக்கவில்லை. அக்கா முதலில் தட்டைப் பிரித்தாள், பிறகு படுக்கையைப் பிரித்தாள், கடைசியில் மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறையில் தங்கையின் பாயைக் கொண்டுபோய்ப் போட்டாள்.

கூடத்தில் கிழிசல் தைக்கும் தையல்காரர் தங்கையைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். காளான் அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. ரவிக்கைத் தோளைக் கொஞ்சம் தூக்கித் தைத்தால் போயிற்று என்றார். அவருடைய அம்மாதான் அக்காவைத் தனியே கூப்பிட்டு விசாரித்தாள். பொய் பேசாதவள் என்று பெயரெடுத்த அக்கா, "அவளுக்குச் சுத்தம் பத்தாதும்மா" என்றாள். அந்த மாதமே தையல்காரர் வேறு ஊருக்கு வேலை மாற்றிக்கொண்டு போனார்.

பதினோரு வருடம் ஓடியது. காளான் நுரையீரலுக்குள் இறங்கியது. தங்கை பேசினால் வாயிலிருந்து வெண்பொடி பறந்தது. பெரிய மருத்துவமனையில் இருவருக்கும் இரத்தம் எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து மருத்துவர் அக்காவை உட்காரவைத்துச் சொன்னார்.

"இது அழுக்கால வர்றதில்லம்மா. காளானோட விதை காத்துலயே இருக்கு, உங்க மேலயும் தினமும் விழுது. உங்க உடம்பு அதை அடையாளம் கண்டு விரட்டிடுது. அவங்க உடம்புக்கு அந்த அடையாளம் தெரியல. பிறக்கும்போதே மரபணுல ஒரு எழுத்து மாறியிருக்கு. அம்மாகிட்டேருந்து ஒண்ணு, அப்பாகிட்டேருந்து ஒண்ணு, கோளாறான ரெண்டும் அவங்களுக்கே வந்துடுச்சு."

"எனக்கு?"

"உங்களுக்கு ரெண்டுமே நல்லதா வந்திருக்கு. அதிர்ஷ்டம்தான்."

அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு அக்கா நடந்தே வீடு வந்தாள். சாமான் அறையில் பாயோரம் உட்கார்ந்து, தையல்காரரின் அம்மாவிடம் சொன்னது வரை ஒன்று விடாமல் சொன்னாள்.

"தெரியும்க்கா," என்றாள் தங்கை. "போறப்ப அவரே சொல்லிட்டுத்தான் போனார்."

"தெரிஞ்சும் ஏன்டி என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"நீ சொன்னது உண்மைன்னுதான் நெனச்சேன். இன்னும் கொஞ்சம் தேய்ச்சுக் குளிச்சிருக்கலாமோன்னு."

ஆயுளுக்கும் சாப்பிட மாத்திரை கொடுத்தார்கள். நெஞ்சுக்குள் இருந்தவை காய்ந்து போயின. தோளில் மட்டும் மழைக்காலந்தோறும் வந்தன. சலவைக்கூடத்தில் அவற்றை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அக்கா அவளைத் தன் கட்டிலுக்கே கூட்டிக்கொண்டாள். காலையில் காளான்களைப் பறித்துவிட்டு, விரலில் ஒட்டிய பொடியைக் கழுவாமல் தன் தோளில் ஒற்றிக்கொள்வாள். தங்கை பார்த்துக்கொண்டிருப்பாள். இருபது வருடம் அக்கா அப்படிச் செய்தாள். அவளுக்கு ஒன்றுகூட முளைக்கவில்லை.