ஆளுக்குக் கொஞ்சம் ஆயில்

பல் டாக்டருக்கு மற்றவர்கள் வாயைப் பார்ப்பதுதான் தொழில். ஆனால் அவளை வம்பில் மாட்டிவிட்டது அவளுடைய சொந்த வாய். அதுவும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது.

அவளிடம் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. இரண்டே இருக்கை, தரையோடு தரையாக உட்கார வேண்டும். மாமியார் அதற்கு மிளகாய் என்று பேர் வைத்திருந்தார். நிறம் மட்டும் காரணமில்லை, ஒருமுறை ஏறி இறங்கினால் இடுப்பு இரண்டு நாள் எரியும் என்பதும்தான். ரேஸ் டிராக்கைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாட்கள் உண்டு. போட்டி கிடையாது, கோப்பை கிடையாது, அவரவர் காரை அவரவர் ஆசை தீர ஓட்டிக்கொள்ளலாம். ஒரு முறைக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்காக டாக்டர் மாதக்கணக்கில் காத்திருப்பாள். போய் இறங்கினால் பாதியிலேயே ஆயில் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும். அதற்குமேல் ஓட்டினால் இன்ஜின் கையைவிட்டுப் போய்விடும் என்பதால் வாலைச் சுருட்டிக்கொண்டு வெளியே வருவாள். இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் இதே கதைதான்.

அவள் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதையும் வகுத்துப் பார்க்காமல் தூங்கமாட்டார். இருபது நிமிடத்தில் பத்து நிமிடம் மட்டும் ஓடுகிற கார் எதற்கு, பேசாமல் விற்றுவிடலாமே என்று ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் அன்றைக்கு டாக்டருக்குக் கிளினிக்கில் இரண்டு கடைவாய்ப் பற்கள் மல்லுக்கு நின்றிருந்தன. ரோஷம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

"சரி, இந்தத் தடவை ஒரு முறையாவது முழுசா ஓட்டி முடிக்கலைன்னா நானே வித்துடறேன். மெத்தைக் கடைக்காரர் கேட்டுக்கிட்டேதான் இருக்கார்."

மெத்தைக் கடைக்காரரும் டிராக்குக்கு வருகிறவர்தான். இதே மாதிரிக் கார் அவரிடமும் ஒன்று இருந்தது. அவர் மிளகாயைக் கேட்டது ஓட்டுவதற்கு இல்லை, அக்கக்காகக் கழற்றித் தன் காருக்கு உதிரி பாகம் எடுத்துக்கொள்வதற்கு. நல்ல மனிதர், அதையும் ஒளிக்காமல் சொல்லித்தான் கேட்டிருந்தார். வார்த்தை வெளியே வந்த அந்த நொடியே டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. பல்லைப் பிடுங்கிவிட்டுத் திரும்ப வைக்க முடியுமா என்ன?

அதன்பிறகு வீட்டில் ஆயிலைத் தவிர வேறு பேச்சே இல்லை. தினமும் கிளினிக்கிலிருந்து வந்ததும் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். முன்பக்கம் காற்று படுகிற இடமாகப் பார்த்து ஆயில் கூலர் ஒன்று பொருத்தினாள். கூலருக்குள் போகிற காற்று பக்கவாட்டில் ஒழுகிப் போகாமல் இருக்க அலுமினியத் தகட்டை வளைத்து அடைத்தாள். சூடு தாங்குகிற நல்ல ஆயிலாக மாற்றி, போக மிச்சமிருந்த டப்பாவை டிராக்குக்கு எடுத்துப்போகத் தனியே வைத்தாள். செய்ததையெல்லாம் சாப்பிடும்போது பிரசங்கமாகவும் வைப்பாள். இன்ஜினுக்கு ஆயில்தான் ரத்தம், அது குறைந்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் ஆயில் தண்ணியாகிவிடும், தண்ணியானால் உள்ளே இருக்கிற பாகங்கள் ஒன்றோடொன்று உரசி இன்ஜின் செத்துப்போகும். மாமியார் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். செல்போன் கடை வைத்திருந்த தம்பி, அக்கா பேச்சுக்கு எப்போதும் எதிர்ப்பேச்சு பேசுகிறவன், அவன்கூட அந்த நாட்களில் வாயை மூடிக்கொண்டு கேட்டான். கணவர் மட்டும் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே, காதில் விழாதவர்போல இருந்தார். அது டாக்டருக்கு உள்ளுக்குள் வலித்தது. இவருக்கு எப்போது இது ஒழியும் என்றிருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நாளும் வந்தது. டாக்டர் மிளகாயில் போக, மற்ற மூன்று பேரும் தம்பியின் காரில் பின்னாலேயே வந்தார்கள். கிளம்புவதற்கு முன்பே அவள் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்துவிட்டாள். இரண்டு கோட்டுக்கும் நடுவே, சொல்லிவைத்த மாதிரி நின்றது. டிராக்கில் காரை நிழலில் நிறுத்தி, மூன்று பேரையும் காவலுக்கு வைத்துவிட்டு, ஓட்டுகிறவர்கள் எல்லோரும் கேட்டே ஆகவேண்டிய பாதுகாப்பு விளக்கத்துக்குப் போனாள். கொடியின் நிறம், எந்தப் பக்கம் முந்தலாம், எங்கே வெளியேறுவது என்று அங்கே ஒருவர் ஆதியோடு அந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் முறை இறங்கினாள். முதல் சுற்று ஜோர். இரண்டாவது சுற்றும் மோசமில்லை. மூன்றாவதில் முள் கிடுகிடுவென்று ஏறியது. கூலர் இல்லாத காலத்தில்கூட இவ்வளவு வேகமாக ஏறியதில்லை. போதாக்குறைக்கு வளைவுகளில் ஆயில் அழுத்தம் காட்டும் முள்ளும் தள்ளாடியது. ஐந்தாவது சுற்று முடிவதற்குள் வெளியே வந்துவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றும்போது கண் கலங்கியிருந்தது. வியர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

குடும்பத்தில் மூன்று பேரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள். மெத்தைக் கடைக்காரர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு வந்தார். அவருக்கும் மனசு கேட்கவில்லை, அதேசமயம் மிளகாயின் முன்சக்கரத்தின் மேல் கண் போகாமலும் இல்லை. அவசரமில்லை, மதியம் இன்னொரு முறை இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம் என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

இன்ஜின் அடங்கட்டும் என்று கொஞ்சநேரம் விட்டுவிட்டு டாக்டர் கம்பியை உருவினாள். பார்த்ததும் ஒன்றும் புரியவில்லை. துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தாள். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி எங்கேயோ நின்றது. ஆற்றி ஊற்றிய டீ மாதிரி பொடிப்பொடியாய் நுரை வேறு. அடிப்பாகத்தில் வேகமாகச் சுற்றும் தண்டு அளவுக்கு மீறி இருக்கிற ஆயிலில் அடிபட்டு அதை நுரையாகக் கடைந்துவிடும். நுரைத்த ஆயில் சூட்டை எடுத்துப் போகாது, கடையப்படுகிற சூட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். காலையில் நடுக்கோட்டில் இருந்தது தானாக வளருமா? நிமிர்ந்து மூன்று பேரையும் பார்த்தாள்.

"யார் ஊத்தினது?"

பல் பிடுங்குவதற்கு முன்னால் கேட்கிற அதே குரல். தம்பிதான் முதலில் கவிழ்ந்தான். குறைந்தால் சூடாகும் என்று அக்காதானே சொன்னாள், கூட இருந்தால் குளிர்ச்சியாக இருக்குமே என்று டப்பாவிலிருந்து அரை பாட்டில் போல விட்டேன் என்றான். மாமியார் அவனை முறைத்தார். பிறகு, முறைத்து என்ன செய்வது என்று தோன்றியதோ என்னவோ, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு தன் பங்கையும் ஒப்புக்கொண்டார்.

"நான் ஒரு டம்ளர்தான்மா விட்டேன். இவன் தன் கார் டயருக்குக் காத்து பிடிக்கப் போனப்போ. வண்டி போயிடக்கூடாதேன்னு சாமியைக் கும்பிட்டுட்டுத்தான் விட்டேன்."

டாக்டருக்கு ஒரே நேரத்தில் கோபமும் சிரிப்பும் வந்தன. சிரிப்புதான் ஜெயித்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். கூலர் பொருத்தினாள், தகடு வளைத்தாள், காற்று எந்த வழியாக வரும், எந்த வழியாகப் போகும் என்று யோசித்து யோசித்துத் தூக்கத்தைத் தொலைத்தாள். வீட்டில் இருப்பவர்களின் பாசம் எந்த வழியாக வரும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

கூடுதல் ஆயிலை எடுத்தாக வேண்டும். அடியிலிருந்து திறந்துவிட நேரமும் இல்லை, காரைத் தூக்கும் வசதியும் இல்லை. டாக்டர் தன் பையைக் கொட்டினாள். பல் இடுக்கைக் கழுவுகிற பெரிய சிரிஞ்சு ஒன்று உள்ளே கிடந்தது. காரின் முன்கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கிற மெல்லிய குழாயில் கொஞ்சம் வெட்டி அதன் முனையில் மாட்டி, கம்பி போகிற துவாரத்துக்குள் இறக்கினாள். பிறகு உறிஞ்சுவதும் பீய்ச்சுவதும்தான் வேலை. ஆயில் சூடாக இருந்ததால் கைக்குத் துணி சுற்றிக்கொண்டாள். கணவர் ஒரு லிட்டர் காலித் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டார். கிளினிக்கில் நர்ஸ் நிற்பது மாதிரி, சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றார். ஒரு பாட்டில் நிறைந்தது. மாமியார் இன்னொன்றைக் காலிசெய்து கொடுத்தார். அதுவும் பாதிக்கு வந்த பிறகுதான் அளவு சரியாக நின்றது. டாக்டருக்கு எங்கேயோ உதைத்தது. ஆனால் மதிய முறைக்கு அழைப்பு வந்துவிட்டதால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

வெயில் காலையைவிடக் கடுமை. மெத்தைக் கடைக்காரர் அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். இரண்டு காரும் அண்ணன் தங்கை மாதிரி ஒட்டிக்கொண்டு ஓடின. பாதி நேரம் தாண்டியது. இதுவரை தாண்டாத பாதி. முள் ஏறிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் நிதானமாக ஏறியது. அவளும் இன்ஜினைக் கதறவிடாமல் கொஞ்சம் முன்கூட்டியே கியரை மாற்றினாள். நீளமான நேர்பாதையில் ஒரு மூச்சு காலைத் தளர்த்தினாள்.

முடிய இரண்டு சுற்று இருக்கும்போது முள் சிவப்புக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே வந்து நின்றது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முன்னால் போகிற கார் கக்குகிற சூடான காற்றைத்தான் இவளுடைய கூலர் குடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்று அவரை முந்த வேண்டும், இல்லை விட்டுவிட வேண்டும். முந்தலாம், அடுத்த வளைவில் இடம் இருந்தது. கால் துடித்தது. மிளகாயைக் கேட்டவரையே மிளகாயால் முந்துவது எவ்வளவு இனிக்கும்? ஆனால் முந்துவதற்கு இன்ஜினை உச்சத்துக்கு விரட்ட வேண்டும், முள் கோட்டைத் தாண்டும். அவள் பக்கவாட்டில் ஒதுங்கி, வேகத்தைக் குறைத்து, அவரைப் போகவிட்டாள். போங்க சார், நல்லா போங்க என்று ஹெல்மெட்டுக்குள்ளேயே சொன்னாள். சுத்தமான காற்று கூலருக்குள் புகுந்தது. முள் அடம்பிடித்துவிட்டு மெல்லக் கீழே இறங்கியது. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி ஆடியபோது அவள் ஓ என்று கத்தினாள். கேட்பதற்கு யாருமில்லை என்பதால் இன்னொரு தடவையும் கத்தினாள். கடைசியாக ஒரு சுற்று ஊர்கோலம் போகிற வேகத்தில் வந்து, இன்ஜினை ஆறவிட்டு, உள்ளே நுழைந்தாள்.

தம்பி கூரையைத் தட்டித் தட்டிக் குதித்தான். மாமியார் மிளகாயின் முன்பக்கத்துக்குத் திருஷ்டி கழித்துவிட்டுச் சூடு பட்டுக் கையை உதறினார். மெத்தைக் கடைக்காரர் வந்து, நான் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன், அந்தத் தகடு எப்படி வளைத்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். அவருடைய முள்ளும் அன்றைக்குச் சிவப்பைத் தொட்டுவிட்டதாம்.

சாமான்களைக் கட்டும்போது டாக்டர் அந்த ஒன்றரை பாட்டில் ஆயிலைப் பார்த்தாள். தம்பி அரை பாட்டில், மாமியார் ஒரு டம்ளர். எப்படிக் கூட்டினாலும் ஒரு பாட்டில்கூட வரவில்லை. பால்காரர் கணக்கில் சல்லிக்காசு உதைத்தாலும் விடாத மனிதர் பாட்டிலைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றும் வாயைத் திறக்கவில்லையே. நிமிர்ந்து பார்த்தாள். கணவர் கயிற்றை முடிச்சுப் போடுவதில் மும்முரமாக இருந்தார். வலது கை மணிக்கட்டுக்கு மேலே சட்டையை இரண்டு மடிப்பு மடித்து விட்டிருந்தார். அவர் ஒருநாளும் சட்டைக் கையை மடிக்கிறவர் இல்லை. டாக்டர் போய் மடிப்பைப் பிரித்தாள். உள்ளே ஆயில் கறை, உள்ளங்கை அகலத்துக்கு.

"நீங்கதானே விக்கச் சொன்னீங்க?"

மற்ற இரண்டு பேரும் டீ வாங்கப் போயிருந்தபோது தானும் ஊற்றியதாகவும், அவசரத்தில் கொஞ்சம் கூடிவிட்டதாகவும் அவர் சொன்னார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"விக்கச் சொன்னேன். நீ சரின்னு சொல்லுவேன்னு நினைக்கலை. கிளினிக்லேருந்து வந்தா நீ பேசறதே இல்லைம்மா. இந்த வண்டி வந்தப்புறம்தான் சாப்பிடறப்ப பேசற. அதுவும் போயிடுச்சுன்னா நான் யார்கூட உட்கார்ந்து சாப்பிடறது?"

தான் பேசியது எதுவும் அவர் காதில் விழவில்லை என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள். அவர் கையை விடாமல், அடுத்த தடவை ஊற்றுவதாக இருந்தால் என்னைக் கேட்டுவிட்டு ஊற்றுங்கள் என்றாள். அவர் சரி என்று தலையாட்டினார்.

திரும்பும்போது, கேட்காமலேயே, அவர் மிளகாயின் பக்கத்து இருக்கையில் முழங்காலை மடக்கி, முனகிக்கொண்டே இறங்கி உட்கார்ந்தார். கார் வாங்கியதிலிருந்து அவர் அதில் ஏறியது அன்றுதான். மடியில் ஆயில் டப்பா. சாலையில் போகும்போது முள் அசையவே அசையாது, பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனாலும் வீடு வருகிறவரை ஒவ்வொரு சிக்னலிலும் குனிந்து பார்த்து, எவ்வளவு காட்டுகிறது என்று வாசித்துச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு முறையும் அவள், அப்படியா, பரவாயில்லையே என்றாள்.