இத்தா வீட்டு எலி

எலிக்கு மருந்து வாங்கிறவங்க நம்மட பக்கத்தில நெறைய. அது என்ன மருந்தெண்டு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா எலி பிழைக்க வேணுமெண்டு மருந்து வாங்கினவ, நான் அறிய, மாம்புரி றைஸா ஒருத்திதான்.

அதுவும் எப்ப? புருசன் லத்தீப் மவுத்தாகி, வெள்ளப் புடவையோட இத்தா இருந்த காலத்தில. நாலு மாசமும் பத்து நாளும் அந்நிய ஆம்புளைகளுக்கு முன்னால வராம, வீட்ட விட்டு வெளிக்கிடாம இருக்க வேணும். வந்து போன சனம், மவுத்தானவருக்காக ஓதிச் சோறு குடுக்கிற ஏழாம் கத்தத்தோட குறஞ்சி, நாப்பதாம் கத்தத்தோட நிண்டே போச்சி. மகள் நிஃப்லா கத்தாருல இருந்து ஓடி வந்தவ, ரெண்டு கிழம நிண்டு அழுதா, லீவு முடிஞ்சி போயிட்டா. பொறகு அந்த வீட்டில மூச்சு விட்டது ரெண்டே உசிருதான். ஒண்டு றைஸா. மற்றது சீனியெண்ட வெள்ள எலி.

சீனியக் கொண்டு வந்ததும் லத்தீப்தான். கற்பிட்டியில மரக்கறி ஏத்தி கொழும்புக்கு லொறி ஓடுற மனுசன். ஒரு நாள் திரும்பி வாற வழியில, சிலாபத்தில மீன் தொட்டி விக்கிற கடைக்கு முன்னால டயர் காத்துப் போய் நிண்டாரு. உள்ள ஒரு கூட்டில வெள்ள எலிக்குஞ்சு. என்னத்துக்கு இதெண்டு கேட்டதுக்கு, "மலைப்பாம்பு வளக்கிற மாத்தயா ஒருத்தர் கிழமைக்கு ரெண்டு எடுக்கிறாரு" எண்டானாம் கடைக்காரன். அவ்வளவுதான், மனுசனுக்கு மனசு கேக்கல்ல. சேட் பொக்கட்டில போட்டுக்கொண்டு வந்திட்டாரு.

றைஸா முதல் நாள் கத்தின கத்து நாலு வளவுக்குக் கேட்டிச்சி. ரெண்டாம் நாள் தூர நிண்டு பாத்தா. ஒரு கிழமையில அதுக்குப் பேர் வச்சதே அவதான். ரெண்டு வருசமா பின்னேரம் லொறிச் சத்தம் கேட்டா, சீனி கூட்டுக் கம்பியப் புடிச்சிக்கொண்டு எழும்பி நிக்கும். லத்தீப் கையில கச்சான் கொட்டையோட வருவாரு.

இப்ப லத்தீப்பிட ராத்தா, கூடப் பொறந்த மூத்தவ, சித்தி லெய்லாவுக்கு வருவம். சித்தியெண்டது முறையில்ல, பேரே அதுதான். இத்தா வீட்டுச் சட்டமெல்லாம் அவட கையில. ஜன்னலுக்குத் திரை போட்டா. கண்ணாடிய துணியால மூடினா. மூணாம் நாள் அவட கண் கூட்டில விழுந்திச்சி. குனிஞ்சி வடிவாப் பாத்தா. ஆண் எலியெண்டா வாலடியப் பாத்தாலே தெரியும், அதுக்கு டொக்டர் தேவல்ல.

"றைஸா! இது ஆணெல்லோ?"

"ஓம் மதினி."

"என்ன ஓம்? இத்தா இரிக்கிற அறையில ஆண் உசிரு இரிக்கக் கூடாது புள்ள. எடு அத வெளிய!"

சிரிக்காதீங்க. அந்த நேரம் அங்க ஒருத்தருக்கும் சிரிப்பு வரல்ல. றைஸாவுக்கு மண்டையில ஒண்டும் ஏறாத நாள் அது. எழும்பெண்டா எழும்புவா, குடியெண்டா குடிப்பா. இதுக்கும் தலைய ஆட்டிட்டா. கூடு பின் குசினிக்குப் போச்சி. பின் குசினியெண்டா தகரம் அடிச்ச சின்னக் கொட்டில். கத்தத்துச் சோறு கறியெல்லாம் அங்கதான் ஆகிறது. பச்ச விறகும் தென்னம் மட்டையும் எரிஞ்சி, விடிஞ்சா பொழுது பட்டா ஒரே புகை. நாப்பது நாளுக்குக் கிட்ட சீனி அந்தப் புகைக்குள்ள, சமைக்கிறவங்க போட்ட சோத்தத் திண்டுகொண்டு இருந்திச்சி.

நாப்பதாம் கத்தம் முடிஞ்ச மறு நாள், சட்டி பானையெல்லாம் கழுவிக் கவுத்துப் போட்டு சனம் போன பொறகு, றைஸா கொட்டிலுக்குள்ள போனா. கூட்டுக்குள்ள கை போட்டா. பஞ்சு மாதிரி இருந்த உசிரு, எலும்ப எண்ணலாம். மூக்கச் சுத்தியும் கண்ணச் சுத்தியும் செவப்பா ஒழுகிக் காஞ்சி கிடந்திச்சி. மூச்சு விடுற நேரம் நெஞ்சுக்குள்ள டிக் டிக்கெண்டு சத்தம் வேற. யா அல்லாஹ், எண்டு தலையில கைய வச்சிக்கொண்டு நிலத்திலயே இருந்திட்டா.

"ஆணெண்டா ஆண்தான். சாகக் கிடக்கிற உசிருக்கு என்ன ஆண், என்ன பொண்ணு!" அப்பிடி வாய் விட்டுச் சொல்லிக்கொண்டு கூட்டத் தூக்கிக்கொண்டு வந்து தன்ட கட்டிலடியில வச்சா. புருசன் மவுத்தான பொறகு அவ சத்தமாப் பேசின முதல் பேச்சு அது.

நிஃப்லாவுக்கு வீடியோ கோல் எடுத்துக் காட்டினா. மகள் பாத்திட்டுச் சொன்னா, "எலிதானே உம்மா. அதுக்கு ஆயுசே ரெண்டு மூணு வருசம்தான்."

"உங்கட வாப்பாக்கு ஆயுசு அம்பத்தாறு வருசம்தான். அதுக்காக மருந்து குடுக்காம விட்டமா?"

பொறகு நிஃப்லா எங்கயோ தேடி, புத்தளம் டவுனில இருக்கிற ஷானிகா எண்ட மிருக டொக்டரிட நம்பர அனுப்பினா.

டொக்டர் நல்ல பொம்புள. தமிழ உடைச்சி உடைச்சித்தான் கதைச்சா, ஆனா ஒரு சொட்டுச் சிரிப்பு இல்ல. சீனிய ஃபோனிலயே நெஞ்சுப் பக்கம், மூக்குப் பக்கம் எண்டு காட்டச் சொன்னா. அது ரெத்தமில்ல அம்மா, சுகமில்லாத எலிக்கு கண்ணீரே அப்பிடிச் செவப்பா வாறதெண்டா. பொறகு கேட்டா, "வீட்டில புகை இருக்கா?"

றைஸாவுக்கு சித்தி லெய்லாவிட பேரச் சொல்ல ஒரு வினாடி ஆகியிருக்காது. "இருந்திச்சி டொக்டர். நான்தான் புகைக்குள்ள வச்சேன்."

நெஞ்சு பழுதாப் போச்சி, இனி முழுசாச் சுகம் வராது, ஆனா விடாமப் பாத்தா கொஞ்ச காலம் இருக்கும் எண்டா டொக்டர். சின்னப் புள்ளைகளுக்குக் குடுக்கிற பாணி மருந்துதான். குசினித் தராசில எலிய நிறுத்து, டொக்டர் சொன்ன அளவுக்கு ஊசியில்லாத சிரிஞ்சியில எடுத்து, காலையும் மாலையும் வாயோரத்தில விட வேணும். மருந்து வாங்கிக் குடுத்தது பக்கத்து வளவு றிம்ஸான், திறீவீல் ஓடுறவன். கதவுத் திரைக்கு அங்கால நிண்டு, "ராத்தா, ஃபாமசியில புள்ளைக்கு எத்தின வயசெண்டு கேட்டான். ரெண்டு வயசெண்டேன், பொய்யில்லத்தானே?" எண்டான். றைஸாவுக்கும் சிரிப்பு வந்திச்சி. சிரிச்சிட்டு, இத்தாவில சிரிக்கலாமோ தெரியாதெண்டு வாயப் பொத்திக்கொண்டா.

அந்த ரெண்டரை மாசமும் அவ பாத்த பாட்ட என்னத்தச் சொல்ல! மஞ்சக் கருவ அவிச்சி, பாலில நசிச்சி, விரல் நுனியில வச்சி ஊட்டினா. போத்தலில சுடுதண்ணி ஊத்தி, லத்தீப்பிட பழைய சாரனில சுத்தி, அதுக்குப் பக்கத்தில படுக்க வச்சா. மூச்சு முட்டுற நேரம் உள்ளங்கையில நிமித்திப் புடிச்சிக்கொண்டு மணிக்கணக்கா இருந்தா. தன் பசிக்கு ஒரு கோப்ப தேத்தண்ணியும் பாண் துண்டும். மருந்து நேரம் பிந்தக் கூடாதெண்டு ஃபோனில அலாரம்.

தனிச்சிப் போன மனுசிக்கு அந்த அலாரம் பெரிய விசயம். அது அடிச்சாத்தான் எழும்ப ஒரு காரணம் இருந்திச்சி. வாய் திறந்து கதைக்கவும் ஆள் இருந்திச்சி. "உனக்கும் எனக்கும்தான் தெரியும் சீனி, அவர் சாப்பிடுற நேரம் எப்பிடி மூக்கால பாடுவாரெண்டு" எண்பா. எலி கண்ண மூடிக்கொண்டு கேக்கும். கேட்டிச்சோ இல்லையோ, மூச்சு கொஞ்சம் அமைதியாகும். வாசலால லொறி ஏதும் போனா, அந்த நோயிலயும் தலையத் தூக்கிப் பாக்கும். அப்பதான் றைஸா உடைஞ்சி போவா. மவுத்தான செய்தி உலகத்துக்கெல்லாம் சொன்னாங்க, இதுக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லல்லையே எண்டு அழுவா. அவர் வருவாரெண்டு பாத்துக்கொண்டிருக்கிற உசிரு இன்னும் ஒண்டு அந்த வீட்டில இருந்திச்சி, அது போனா அவ ஒருத்திதான். அதுக்குத்தான் அவ பயந்தா.

இத்தா முடிய பதினொரு நாள் கிடந்திச்சி. காலையில கூட்டத் திறந்தா சீனி கழுத்த நீட்டிக்கொண்டு வாயால மூச்சு வாங்குது. கால் விரலெல்லாம் நீலம். றைஸா டொக்டருக்கு வீடியோ கோல் எடுத்தா. டொக்டர் ஃபோனில பாத்த உடனே சொன்னா, "அம்மா, இண்டைக்கே கொண்டு வாங்க. ஒக்சிஜன் வைக்க வேணும், ஊசி போட வேணும். செஞ்சா இன்னும் ரெண்டு மூணு மாசம் இருக்கலாம். ஆனா நீங்களே தூக்கிக்கொண்டு வாங்க. தெரியாத கை பட்டா பயத்திலயே போயிரும்."

றிம்ஸான் வாசலில திறீவீலக் கொண்டு வந்து வச்சிட்டான். றைஸா சீனிய சாரனில சுத்தி நெஞ்சோட அணைச்சிக்கொண்டு, ஒரு கையால சித்தி லெய்லாவுக்கு கோல் எடுத்தா. பத்து நிமிசத்தில அவ நேரிலயே வந்திட்டா.

"எலிக்காக இத்தாவ முறிக்கப் போறியா? ஊர் என்ன சொல்லும்?"

"மதினி, போய் உடனே வந்திருவேன். மூஞ்ச மூடிக்கொண்டு போறேன்."

சித்தி லெய்லா சத்தம் போட்டிருந்தா றைஸா போயிருப்பா. அவ சத்தம் போடல்ல. கதிரையில இருந்து, முக்காட்டால கண்ணத் துடைச்சா. "என்ட தம்பிக்காக இன்னும் பதினொரு நாள் உனக்கு இருக்க ஏலாதா புள்ள?"

றைஸா வாசப்படியிலயே நிண்டா. வெளிய றிம்ஸான், "ராத்தா, போவமா?" எண்டு கேட்டான். கையில ஃபோன் இருந்திச்சி. மதரசாவில பொம்புளப் புள்ளைகளுக்கு ஓதிக் குடுக்கிற பஹ்மிதா ஆலிமாவிட நம்பர் அதில இருந்திச்சி. கேட்டுப் பாக்கலாம். ஆனா எப்பிடிக் கேக்கிறது? எலிக்கு மார்க்கத் தீர்ப்புக் கேட்டவ எண்டு மாம்புரி முழுக்கச் சிரிக்குமே. வெக்கம் புடுங்கித் திண்டிச்சி. விரல் நம்பருக்கு மேல நிண்டு நிண்டு, கடைசியில ஃபோன வச்சிட்டா.

"போ தம்பி. நான் வரல்ல" எண்டா.

மறு நாள் மத்தியானம் லுஹர் பாங்கு சொல்லுற நேரம், சீனி அவட உள்ளங்கையில ரெண்டு தரம் துள்ளி, அடங்கிச்சி. அதிட செவப்புக் கண்ணீர ஈரப் பஞ்சால துடைச்சி விட்டா. வளவுக்குள்ள முருங்கையடியில தானே குழி தோண்டித் தாட்டா. பின்னேரம் மருந்து அலாரம் அடிச்சிச்சி. அத நிப்பாட்டினா. அதுக்குப் பொறகு வந்த பத்து நாளும் அவ யாரோடயும் ஒரு சொல் கதைக்கல்ல, கதைக்க ஒருத்தரும் இருக்கல்ல.

இத்தா முடிஞ்ச நாள் வீடு நெறஞ்சி போச்சி. குளிக்க வாத்து, புதுப் புடவ உடுத்தி, கஞ்சி காய்ச்சி, பஹ்மிதா ஆலிமா துஆ ஓதினா. ஆலிமாவுக்கு வயசு முப்பது இருக்கும், நல்ல வாயாடி. கஞ்சிக் கோப்பையோட றைஸாவுக்குப் பக்கத்தில வந்து இருந்தா.

"அல்ஹம்துலில்லாஹ், நல்லபடியா முடிச்சிட்டீங்க ராத்தா. கஷ்டமொண்டும் இருக்கல்லத்தானே?"

பின்னால இருந்த ஒருத்தி சும்மா இருக்காம, "அவட ஆண் எலியத்தான் வெளிய போட்டாங்க ஆலிமா!" எண்டா. பொம்புளைகள் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

ஆலிமாவும் சிரிச்சா. "எலிக்கு என்ன மஹ்ரம், அந்நிய ஆம்புளையெண்டு பாக்கிறது! வளவில சாவல் நிக்கிது, அதயும் விரட்டினீங்களா? மனுச ஆம்புளைகளுக்குத்தான் இந்தச் சட்டமெல்லாம்."

றைஸா கோப்பைய நிலத்தில வச்சா. "ஆலிமா, இத்தாவில டொக்டரிட்டப் போகலாமா?"

"இதென்ன கேள்வி ராத்தா? தேவையெண்டா பகலில போயிட்டு ராவைக்கு வீட்டுக்கு வந்தாச் சரி."

"எனக்குச் சுகமில்லாட்டித்தானா?"

"உங்களுக்கெண்டில்ல. பாக்க வேற ஆளில்லாத நோயாளி, ஆடு மாடு, எதுவெண்டாலும் உங்கட பொறுப்பில இருக்கிற உசிருதானே. எனக்கு ஒரு கோல் எடுத்திருந்தாச் சொல்லியிருப்பேனே. ஏன், என்ன தேவ வந்திச்சி?"

ஒருத்தரும் சிரிக்கல்ல இப்ப. சித்தி லெய்லா கஞ்சிக் கரண்டியக் கையில புடிச்சபடி நிண்டா. றைஸா அவவ ஒரு தரம் நிமிர்ந்து பாத்தா. எழும்பிப் போய் அலுமாரியத் திறந்து அபாயாவ எடுத்துப் போட்டா.

"எங்க புள்ள போறாய்?" சித்தி லெய்லா கரண்டியோடயே பின்னால வந்தா.

"புத்தளத்துக்கு மதினி. இனிப் போகலாந்தானே."

றிம்ஸானிட திறீவீலிலதான் போனா. டொக்டரிட அறைக்கு முன்னால நாயோட ரெண்டு பேர், பூனையோட ஒரு பொம்புள. றைஸா வெறுங்கையோட வாங்கில இருந்து, தன்ட முறை வரும் வரைக்கும் பொறுத்திருந்தா. உள்ள போய் வாய் திறந்த உடனே டொக்டர் ஷானிகா குரல வச்சி ஆள அடையாளம் புடிச்சிட்டா. அவட கையப் பாத்தா. பொறகு கதவுப் பக்கம் பாத்தா.

"அம்மா, சீனி எங்க?"

"மவுத்தாப் போச்சி டொக்டர். பத்து நாளாச்சி."

"அய்யோ. அப்ப... இண்டைக்கு என்ன விசயமா வந்தீங்க?"

றைஸா மேசை விளிம்ப ரெண்டு கையாலயும் புடிச்சிக்கொண்டா.

"அண்டைக்கு எனக்கு வர ஏலுமா இருந்திருக்கு டொக்டர்" எண்டா. "யாரிட்டயாவது சொல்ல வேணும் போல இருந்திச்சி. சொல்ல வேற ஆளில்ல."