எட்டாத தட்டு

“அந்த அலமாரி சுவத்துல இருக்கிற வரைக்கும் சிட்டுவை அனுப்ப மாட்டேன், மாப்பிள்ளை,” என்றார் அத்தை போனில். “மொத்தத்தையும் கழட்டிப் போட்டுட்டு புதுசா செய்யுங்க. இந்தத் தடவையாவது நம்பிக்கையான கம்பெனியா பாருங்க. போன தடவை மாதிரி கண்ணு தெரியாதவன்கிட்ட குடுத்துடாதீங்க.”

சரி என்றேன்.

அத்தை என் மனைவியின் அம்மா. சிட்டு என் மகள். நான்கரை வயது. பத்து மாதமாக அத்தை வீட்டில்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்கிறேன். நான் கிளம்பும்போதெல்லாம் தன் செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நிற்பாள். அத்தை குனிந்து அதைக் கழற்றுவார்.

என் மனைவி எங்கள் சமையலறையில் இறந்தாள். அலமாரியின் மேல் தட்டில் இருந்த ஒரு டப்பாவுக்காக ஸ்டூலில் ஏறினாள். ஸ்டூல் சாய்ந்தது. பின்னந்தலை மேடையின் விளிம்பில் பட்டது. சிட்டு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ஆபீஸில் இருந்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “அவ்வளவு உயரத்துல எதுக்கு மாட்டி வச்சிருக்கு?”

“கம்பெனிக்காரன் தப்பா மாட்டிட்டான்,” என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. வாயில் வந்தது. அடுத்த வாரமே அத்தை அந்தக் கம்பெனிக்குப் போனார். மாட்டியவரை வெளியே வரச்சொல்லி, கடை நடுவில் நிற்கவைத்துத் திட்டிவிட்டு வந்தார். அந்த ஆள் பதிலே பேசவில்லையாம். “பேச வாய் இருந்தாத்தானே?” என்றார் அத்தை.

அதன்பிறகு அந்தச் சமையலறையில் நான் தண்ணீர் மட்டும் பிடிக்கிறேன். சாப்பாடு வெளியில். மேல் அலமாரியின் மூன்றாவது கதவு தானாகத் திறந்துகொள்ளும். காலையில் பார்த்தால் ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்திருக்கும். கீலில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. எனக்குத் தெரியும். ஆனால் என் மனைவியும் அப்படித்தான் திறப்பாள். கைப்பிடி எட்டும், கதவு திறக்கும், உள்ளே இருப்பது எட்டாது. திறந்துவைத்துவிட்டு, “எட்டலை!” என்று குரல் கொடுப்பாள். நான் போய் எடுத்துக் கொடுப்பேன்.

இப்போதும் அந்தக் கதவு திறந்திருந்தால் ஒரு டப்பாவை எடுத்து மேடைமேல் வைத்துவிட்டுத்தான் மூடுகிறேன். மாலையில் திரும்ப மேலே வைக்கிறேன்.

மூன்று கம்பெனிகளைக் கூப்பிட்டேன்.

முதல் கம்பெனியின் ஆள் டை கட்டிக்கொண்டு வந்தார். டேப் கொண்டுவரவில்லை. கையடக்கமான ஒரு கருவி, சுவரில் சிவப்புப் புள்ளி விழுந்தது, அளவு எடுத்தாகிவிட்டது. கேட்லாக்கைப் புரட்டினார்.

“சாவியைக் குடுத்துட்டு நீங்க ரெண்டு நாள் ஊருக்குப் போய்ட்டு வாங்க சார். திரும்பி வந்து, நம்ம வீடுதானான்னு கதவு நம்பரைப் பார்ப்பீங்க.”

என்னை எதுவும் கேட்கவில்லை. யார் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்றுகூட அவருக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது ஆள் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். அலமாரியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

“சார், பெட்டி கல்லு மாதிரி இருக்கு. இதை எதுக்குக் கழட்டணும்? கதவை மட்டும் மாத்திடலாம். மாப்பிள்ளை அதே மாப்பிள்ளை, சட்டை மட்டும் புதுசு!” என்று சொல்லி அவரே சிரித்தார்.

அவரை எனக்குப் பிடித்துவிட்டது. பெட்டியை இறக்காவிட்டால் அதன் பின்னால் இருப்பது பின்னாலேயே இருக்கும்.

பின்னால் இருப்பது இது. நான்கு வருடங்களுக்கு முன், அலமாரி மாட்ட வந்தவர் என் மனைவியைக் கையைத் தூக்கச் சொன்னார். விரல் நுனி எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் ‘மேடம்’ என்று எழுதினார். “மேல் தட்டு இதுக்கு மேல போனா மேடத்துக்கு எட்டாது சார்.” நான் அந்த இடத்தில் நின்று பார்த்தேன். நான் ஆறடி. “பெட்டி இவ்வளவு கீழ வந்தா என் தலை இடிக்கும்ப்பா. தூக்கியே மாட்டுங்க. அவ ஸ்டூல் போட்டுக்குவா,” என்றேன். அவள், “தலையில என்ன இருக்கு இடிக்கிறதுக்கு?” என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அவர் ஒரு சாண் மேலே இன்னொரு கோடு போட்டார். ‘சார்’ என்று எழுதினார். பென்சிலை என்னிடம் நீட்டினார்.

“இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க சார். எல்லா வீட்டுலயும் வாங்குறதுதான். நாளைக்கு மாட்டினவன் தப்புன்னு ஆயிடக்கூடாது பாருங்க.”

போட்டேன். தேதியும் போட்டேன்.

இரண்டாவது ஆளைப் பற்றி அத்தையிடம் சொன்னேன். “பெட்டியை இறக்கலைன்னா அது என்ன புது சமையலறை?” என்றார். “எந்த மடையன் அப்படிச் சொன்னான்?”

மூன்றாவதாக ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். சின்னக் கம்பெனி. அவர்களேதான் கம்பெனி. அந்த அம்மா அளப்பார், கணவர் மாட்டுவார். “இவரை எதுவும் கேட்காதீங்க தம்பி,” என்றார் அந்த அம்மா. “வேலை நேரத்துல வாய் நிறைய ஸ்க்ரூ வச்சிருப்பாரு. மத்த நேரத்துல அந்தப் பழக்கத்துலயே பேச மாட்டாரு.” கணவர் தலையை ஆட்டினார்.

அந்த அம்மா நோட்டைத் திறந்தார். மேடைமேல் தனியாக இருந்த டப்பாவைப் பார்த்தார்.

“யார் சமைப்பாங்க?”

“மனைவி.”

“கூப்பிடுங்க. நிக்க வச்சு அளக்கணும்.”

“இப்ப இல்லை.”

“உயரம் எவ்வளவுன்னு தெரியுமா?”

என் தோளுக்குச் சற்றுக் கீழே கையைக் கிடையாக வைத்துக் காட்டினேன். அவர் தரையிலிருந்து என் கை வரைக்கும் டேப்பை இழுத்தார். “நாலு அடி பத்து,” என்றார். எழுதினார். பிறகு பால்கனியைப் பார்த்தார். அங்கே ஸ்டூல் இருந்தது. அதைத் துணியால் சுற்றிக் கட்டி வைத்திருந்தேன். மறுபடி என்னைப் பார்த்தார்.

“கையை இறக்குங்க தம்பி.”

அப்போதுதான் கவனித்தேன். கை இன்னும் அங்கேயே இருந்தது.

“எப்ப?”

“பத்து மாசம் ஆச்சு.”

அவர் எழுதியதை அடிக்கவில்லை. கீழே இன்னொரு வரி எழுதினார். என் முழங்கையை மடக்கச் சொல்லித் தரையிலிருந்து அதற்கும் அளந்தார். இதற்குள் கணவர் பழைய அலமாரியின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்திருந்தார். குமிழ் நடுவில் நின்றது. அவர் முதல்முறையாகப் பேசினார்.

“சுத்தமான வேலை. இவ்வளவு தெரிஞ்சவன், இவ்வளவு உயரத்துல மாட்ட மாட்டானே.”

அவர்களிடமே வேலையைக் கொடுத்தேன். ஏன் என்று அத்தை கேட்டார். “கேள்வி கேட்கிறாங்க,” என்றேன்.

“அப்ப நல்லவங்கதான். அதைக் கழட்டுறதை நானும் பார்க்கணும். சனிக்கிழமை சிட்டுவைக் கூட்டிட்டு வரேன்.”

வெள்ளிக்கிழமை காலை ஆபீஸுக்குப் போகவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். அலமாரியை நானே இறக்கி, சுவரைத் தேய்த்துவிடலாம். இரண்டு ஸ்க்ரூ கழன்றன. மூன்றாவதில் கை வைத்தபோது பெட்டியின் பாரம் என் தோளில் இறங்கியது. தனி ஆளால் ஆகாது. கதவு மெல்லத் திறந்தது. ஒரு டப்பாவை எடுத்து மேடைமேல் வைத்தேன். ஸ்க்ரூடிரைவரை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் அந்தக் கணவர் கேட்டார்: “ரெண்டு ஸ்க்ரூவைக் காணோமே?” அவை என் சட்டைப்பையில் இருந்தன. எடுத்துக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு அவற்றை வாயில் போட்டுக்கொண்டார்.

அத்தை சமையலறை வாசலில் நின்றார். கூடத்தில் சிட்டு தன் பழைய பொம்மைக் கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கணவர் ஒரு பக்கமும் அந்த அம்மா இன்னொரு பக்கமும் பிடிக்க, பெட்டி இறங்கியது. பின்னால் சுவர் பழைய நிறத்தில் இருந்தது. இரண்டு கோடுகளும் நேற்றுப் போட்டது போல இருந்தன.

அத்தை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். வாசித்தார். ‘மேடம்.’ ‘சார்.’ பிறகு என் கையெழுத்து. அது அவருக்குத் தெரியும். சிட்டுவைப் பள்ளியில் சேர்க்கும் படிவத்தில் பார்த்திருக்கிறார்.

அவர் மேடையருகே போய் வலது கையைத் தூக்கினார். அம்மாவும் மகளும் ஒரே உயரம். விரல் நுனி ‘மேடம்’ கோட்டில் சரியாக நின்றது. நான்கு வருடங்களுக்கு முன் பார்த்த அதே முதுகு, அதே கை. பிறகு அவர் குதிகாலைத் தூக்கி மேலே எக்கினார். ‘சார்’ எட்டவில்லை.

“கம்பெனிக்காரன் தப்பா மாட்டிட்டான்னு சொன்னீங்களே.”

“ஆமா.”

“பொய்யா?”

“ஆமா அத்தை.”

கணவர் தரையில் எதையோ தேட ஆரம்பித்தார். அங்கே எதுவும் விழுந்திருக்கவில்லை.

“அவ கையைத் தூக்கிக் காட்டியிருக்கா.”

“ஆமா.”

“எதுக்கு மறைச்சீங்க?”

“சிட்டுவைத் தர மாட்டீங்கன்னு.”

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. “அந்த மனுஷனை நான் என்னென்ன பேசினேன் தெரியுமா? உன் கை விளங்காமப் போகும்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான்.”

நான் நின்றேன்.

“முதல்ல அவன்கிட்ட போங்க. போய்ச் சொல்லிட்டு வாங்க. வேலை முடியட்டும். நான் வந்து கையைத் தூக்கிப் பார்க்கிறேன். அப்புறம் பேசலாம்.”

சிட்டு வாசலில் செருப்போடு நின்றாள். இந்த முறை அத்தை அவளைக் கூட்டிக்கொண்டு போவதற்காக.

அவர்கள் போனபின் அந்த அம்மா கேட்டார்: “எந்தக் கோட்டுல மாட்டணும் தம்பி?”

“கீழ்க்கோட்டுல.”

“நீங்கதானே சமைக்கப் போறீங்க? நெத்தி இடிக்கும்.”

“இடிக்கட்டும்.”

அவர் பென்சிலை நீட்டினார். ‘மேடம்’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். பழைய கையெழுத்தை அழிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அன்று மதியமே பழைய கம்பெனிக்குப் போனேன். அன்று மாட்டியவர் பின்பக்கம் ஒரு கதவுக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். சொல்ல வந்ததைச் சொன்னேன். இரண்டு வாக்கியம்தான்.

“தெரியும் சார்,” என்றார்.

“கையெழுத்து இருக்குன்னு சொல்லியிருக்கலாமே.”

“மேடத்தோட அம்மா அழுதுக்கிட்டே திட்டினாங்க. அந்த நேரத்துல கையெழுத்தைப் பத்திப் பேச முடியுமா?” கீலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “மேடம் சிரிச்சதுதான் சார் ஞாபகம் இருக்கு. நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுக்கப்புறம் யார் வீட்டுலயும் சுவத்துல கையெழுத்து வாங்குறதில்லை. கோடு போட்டா அந்தக் கோட்டுலதான் மாட்டுவேன். வேணாம்னா வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லிடுவேன்.”

நம்பிக்கையான கம்பெனி எது என்று அத்தை இனி கேட்டால் சொல்ல எனக்கு விலாசம் தெரியும்.

வேலை ஒன்பது நாள் நடந்தது. பத்தாம் நாள் காலை அத்தையும் சிட்டுவும் வந்தார்கள். அத்தை என்னிடம், “போனீங்களா?” என்று மட்டும் கேட்டார். “போனேன்.” “நானும் போனேன்,” என்றார். அவரிடம் அந்த ஆள் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாவது கதவைத் திறந்தார். கையைத் தூக்கினார். மேல் தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார், பார்த்தார், திரும்ப உள்ளே வைத்தார். மறுபடி எடுத்தார். மறுபடி வைத்தார். கதவைச் சாத்தியபின்னும் கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்கவில்லை.

“சிட்டு,” என்றார், திரும்பாமலே. “செருப்பைக் கழட்டி வை.”

புதிய கீல்கள் இறுக்கமானவை. எந்தக் கதவும் தானாகத் திறப்பதில்லை. மறுநாள் காலை சிட்டுவுக்கு முட்டை பொரிக்க அடுப்பைப் பற்றவைத்தேன். உப்புக்குத் திரும்பியபோது அலமாரியின் விளிம்பு நெற்றியில் இடித்தது. நன்றாகவே இடித்தது. கையை வைத்துப் பார்த்தேன், வீங்கியிருந்தது. சிட்டு நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“யாருப்பா அடிச்சது?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், மூன்றாவது கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். மூடியிருந்தது. இருந்தாலும் திறந்து, ஒரு டப்பாவை எடுத்து மேடைமேல் வைத்தேன். முட்டை ஓரத்தில் கருக ஆரம்பித்திருந்தது.