கால் ஆடும் நாற்காலி

"முன்னப்பின்ன பாக்காத ஆளு உனக்கு எதுக்குச் சாட்சி சொல்ல வரான்னு கேக்கறேன்..."

"பாக்காததுதான் சாட்சியே. நான் அந்த வழக்குல..."

"லுட்கர்னு சொல்லு. வழக்குங்காதே."

"லுட்கர் விஷயத்துல நான் தலையிடவே இல்லன்னு அவர் ஒருத்தராலதான் சொல்ல முடியும். அரை மணி நேரம், ஹெட்விக். காப்பி குடிச்சுட்டுப் போயிடுவார்."

என் தங்கை ஹெட்விக் கேக் வெட்டும் கத்தியோடு நின்றாள். அவள் புருஷன் கெர்வின், விமானப்படையின் பழைய ஜெனரல், கண்ணாடியைப் பார்த்துக் கழுத்துப்பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். போரில் ஸ்டெட்டினில் என் வீடு போனதிலிருந்து, இங்கே செல்லெயில், இவர்கள் மாடியில்தான் இருக்கிறேன். இவர்கள் சண்டை எனக்கு மனப்பாடம். ஆனால் அன்றைக்குத்தான் இவர்கள் மகன் லுட்கருக்குத் தீர்ப்பெழுதிய நீதிபதியின் பெயர் சாப்பாட்டு மேசைவரை வந்தது.

இரண்டாம் போர் முடிந்து பதினோரு வருஷத்துக்குப் பின் புதிதாகப் படை திரட்டுகிறார்கள். பழைய ஜெனரல்களைச் சலித்தெடுக்க ஒரு குழு உட்கார்ந்திருக்கிறது. அது கெர்வினிடம் கேட்டது ஒன்றே ஒன்று: உங்கள் மகனைச் சுடச் சொன்ன தீர்ப்பு உங்களுக்கு முன்பே தெரியுமா?

லுட்கர் விமானி. போரின் கடைசி மாதங்களில், பாதிப் பயிற்சிகூட முடியாத பையன்களை மேலே அனுப்ப மாட்டேன் என்று மறுத்துவிட்டான். படை நீதிமன்றம் அவனைச் சுடச் சொன்னது. தீர்ப்பெழுதியவர் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய வெண்ட்லாண்ட், இப்போது ஹனோவரில் வக்கீல். கெர்வினுக்காகக் குழுவிடம் சாட்சி சொல்லப்போகிறவர் இவர்தான். எல்லாம் முடிந்த பிறகுதான் தனக்குத் தெரியும் என்றும், அந்த நீதிபதியின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை என்றும் கெர்வின் சொல்லியிருந்தார். தெரிந்திருந்தால் ஒரு தொலைபேசி போதும், தண்டனையை நிறுத்தியிருக்கலாம். தெரியாது என்ற அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஹெட்விக் அவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்தாள்.

கெர்வினுக்குப் பொய் புதிதல்ல. முதல் போரில் துணி இறக்கை விமானத்தில் பின்னால் உட்கார்ந்து வேவு பார்த்தார், பிறகு தானே ஓட்டினார். தோற்ற நாட்டுக்குப் போர் விமானம் கூடாது என்றான பிறகு, ருஷ்யாவுக்குக் கதிரடிக்கும் இயந்திரம் விற்கப் போவதாக எங்கள் அப்பாவிடம் சொன்னார். கோடையில் திரும்பி வந்தால் முகம் கருத்திருக்கும், கண்ணைச் சுற்றி மட்டும் இரண்டு வெள்ளை வட்டம். வயலில் எவன் விமானிக் கண்ணாடி மாட்டுவான்? திருட்டுத்தனமாக அங்கே ஆட்களைப் பறக்கப் பழக்கிக்கொண்டிருந்தார். பின்னால் விமானப்படையை வெளிப்படையாக அறிவித்து அவர் சீருடை மாட்டிய நாளில், இதுதான் அந்தக் கதிரடிக்கும் இயந்திரம் என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அப்புறம் இரண்டாம் போர், போலந்து, பிரான்ஸ், தோளில் தங்கப் பட்டை, கடைசியில் ஆங்கிலேயர் சிறை.

ஒன்றில் மட்டும், யாரை நீ என்பது யாரை நீங்க என்பது என்பதில், அவர் நாக்கு தவறியதில்லை. வீட்டுக்குள் எல்லோரும் நீதான். வெளியே, எங்கள் வழக்கப்படி இரண்டு ஆண்கள் கை கோத்துச் சாராயம் குடித்த பிறகுதான் நீ என்று சொல்லிக்கொள்ளலாம், அதை அப்புறம் திரும்ப வாங்க முடியாது. கெர்வின் மூன்று பேரோடு அப்படிக் குடித்திருந்தார். மூவரும் முதல் போரின் விமானிகள், மூவரும் மண்ணுக்குள். வருஷக்கணக்காகக் கார் ஓட்டியவனும் அவருக்கு நீங்கதான். விமானத்தளத்தில் சீருடையோடு பார்த்தால் சொந்த மகனுக்கும் அதேதான். லுட்கர் விடுமுறையில் வந்து அப்பாவைப் போலவே நெஞ்சை நிமிர்த்தி, "லெப்டினன்ட், நீங்க முடி வெட்டிக்கணும்" என்று நடித்துக் காட்டுவான். ஹெட்விக் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

வெண்ட்லாண்ட் வந்தார். நனைந்த மேலங்கி, காகிதம் பிரித்த பூங்கொத்து, மெதுவான குரல். கெர்வினை ஜெனரல் என்றார். கெர்வின் அவரை டாக்டர், நீங்க என்றார். பாதை எப்படி, மழை எப்படி என்று ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் மாதிரி விசாரித்துக்கொண்டார்கள். ஒரு குறையும் இல்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஹெட்விக் கேக்கை எல்லோருக்கும் வைத்தாள்.

வெண்ட்லாண்ட் அடுப்போரத்து நாற்காலியை இழுத்தார். அதன் பின்கால் ஆடும், வீட்டுக்காரர்கள் யாரும் அதில் உட்கார மாட்டோம்.

"அதுல உக்காராதே, கால் ஆடுது. நீ இங்க வா" என்றார் கெர்வின்.

வெண்ட்லாண்ட் போனார். புருவம்கூட உயரவில்லை. வேறு வக்கீலாக இருந்தால், முன்பின் தெரியாதவன் நீ என்றதும் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார். இவர் பழகிய ஆள் மாதிரி சோபாவில் கெர்வின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் காது சிவந்தது.

"டாக்டர், நீங்க கிரீம் எடுத்துக்குங்க" என்றார் கெர்வின்.

ஹெட்விக் ஊற்றிக்கொண்டிருந்த காப்பி கோப்பையை மீறித் தட்டுக்கு வழிந்தது. வயசாகிவிட்டது, நாக்கு புரளுகிறது என்றார் கெர்வின். தானும் தன் குமாஸ்தாவிடம் இப்படித்தான் உளறிவிடுவதாக வெண்ட்லாண்ட் உடனே சேர்ந்துகொண்டார். நாங்கள் இருவரும் எதுவுமே கேட்டிருக்கவில்லை.

ஹெட்விக் காப்பிக் கெண்டியை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தாள். சின்னச் சாராயக் கிளாஸ் இரண்டை எடுத்து அந்த இரண்டு ஆண்கள் முன்னாலும் ஆளுக்கொன்றாக வைத்தாள். ஊற்றவில்லை. எனக்கு அவள் கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றியது, நிறுத்தவில்லை.

அவள் கெர்வினைப் பார்க்கவில்லை, வெண்ட்லாண்டைத்தான் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் கை கோத்துக் குடிச்சது எப்போ, டாக்டர்? எம் புள்ளையச் சுடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"