ஈர்க்கு வைக்காத காது

மத்தியானத் தேயிலைக் கொழுந்து நிறுக்க வரிசையில் நின்றபோதுதான் ரெங்கம்மா அதைச் சொன்னாள்.

"கலா, ஒம் மக கம்மலக் கழட்டி எங்க சின்னவ காதுல போட்டு விட்டுருக்கு. ஏன்டின்னு கேட்டா, எனக்கு இனிமே எதுக்குன்னுச்சாம்."

"வெரதம்க்கா. நகை வேணாம்னு இருக்கும்" என்றாள் கலாராணி. சொல்லும்போது வழக்கமான பெருமை குரலில் வந்தது.

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய எல்லாரும் திருவிழா முடிந்ததும் அவிழ்த்துவிட்டார்கள். மகள் கிருஷாந்தி மட்டும் இன்னொரு நேர்த்திக்கடன் இருக்கிறது என்று மஞ்சள் கயிற்றை மணிக்கட்டிலேயே வைத்துக்கொண்டாள். முதலில் வெள்ளிக்கிழமை சாப்பிடவில்லை. பிறகு செவ்வாய், சஷ்டி, அமாவாசை. பிறகு எந்த நாளில் சாப்பிட்டாள் என்று யோசிக்க வேண்டியிருந்தது. லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அவளை முன்மாதிரியாகக் காட்டினார்கள். பதுளையில் துணிக்கடை வேலைக்குப் போய்வந்த காலத்தில், கூட இருந்தவர்கள் தன் உடம்பைக் கேலி செய்ததாக அவள் ஒருமுறை அழுதிருந்தாள். அந்த அழுகையையும் இந்த விரதத்தையும் கலாராணி சேர்த்துப் பார்க்கவே இல்லை. பிள்ளை மெலிந்தபோது சாமி பக்கத்தில் வந்துவிட்டதாகத்தான் நினைத்தாள்.

கூடையை இறக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். காலையில் மகளுக்குத் தலை வாரிவிட்டது கண்ணில் வந்தது. காது மூளியாக இருந்தது. கம்மல் இல்லாத நாளில் எந்தப் பெண்ணும் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கை ஒடித்துத் துளையில் செருகிக்கொள்வாள். கம்மல் எப்போது வரும் என்று தெரியாவிட்டாலும் துளை தூர்ந்துவிடக் கூடாது. கிருஷாந்தி ஈர்க்கு வைக்கவில்லை.

"எங் கொழுந்தயும் நிறுத்துருங்கக்கா" என்று சொல்லிவிட்டு இறக்கத்தில் ஓடினாள். "பாதி நாள்ல எங்க ஓட்டம்?" என்று கங்காணி கத்தியது பின்னால் கேட்டது.

கிருஷாந்தி லயத்துக் காம்பரா அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கலாராணி அவள் கால்மாட்டில் உட்கார்ந்தாள். இந்த வார்த்தையை வாயால் சொன்னால் அது வீட்டுக்குள் வந்துவிடும் என்று பயமாக இருந்தது. இருந்தும் கேட்டாள்.

"சாகணும்னு நெனக்கிறியா புள்ள?"

வெளியே யாருடைய கோழியோ கொக்கரித்தது.

"தெனமும்மா" என்றாள் மகள். பிறகு, "சாப்புடவும் முடியல. வெரதம்னு சொன்னா யாரும் கேக்க மாட்டீங்கன்னுதான்..." என்று தொடங்கி அழுதாள். கலாராணி திட்டவில்லை, நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை. முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். உள்ளே ஏதோ ஒரு பாரம் இறங்கியது. கேட்டாயிற்று. பிள்ளை பதில் சொல்லியும்விட்டது.

"வா, பதுள ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"காப்போட ஊர் எல்ல தாண்டக்கூடாதும்மா. ஆத்தா கோவிப்பா."

காப்புக் கட்டிவிட்ட பூசாரி லிங்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். ஆள் அனுப்பியதும், புருவத்தில் தேயிலைத் தூளோடு அப்படியே வந்தார். கலாராணி சொன்னதை வாசலில் நின்று கேட்டார். உள்ளே வந்து கிருஷாந்தி பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கயிற்றின் முடிச்சில் நகத்தை நுழைத்தார்.

"ஆத்தா கோவிக்க மாட்டாளா மாமா?"

"கோவிச்சா எங்கிட்ட வரட்டும். கோயில் கூர ஒழுகுறதப் பத்தி எனக்கும் அவகிட்டப் பேச வேண்டியிருக்கு."

கிருஷாந்திக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. லிங்கம் கயிற்றைக் கண்ணில் ஒற்றி மடியில் கட்டிக்கொண்டார். லுணுகலை டவுன் வரைக்கும் கூடவே வந்து அவர்களை பஸ் ஏற்றிவிட்டுத்தான் தொழிற்சாலைக்குத் திரும்பினார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கிருஷாந்தியோடு தனியாக நெடுநேரம் பேசினார். தாதி ஹம்ஸியா கலாராணியை பெஞ்சில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள்.

"நான் கேட்டது தப்பாங்க மிஸ்? கேட்டதால அந்த நெனப்பு கூடிருமோ?"

"இல்லம்மா. நெறையப் பேர் அந்தப் பயத்துலதான் கேக்காம இருக்காங்க. கேட்டதாலதான் இப்ப இங்க வந்திருக்கீங்க." ஹம்ஸியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது வருத்தம், நோய்தான். யார் மேலயும் குத்தமில்ல. சாப்பாட்டுக்குச் சண்ட போடாதீங்க, தனியா விடாதீங்க. நாள் எடுக்கும்."

அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். கலாராணியும் கூடவே இருந்தாள். நாட்கள் சில கழித்து வீட்டுக்கு அனுப்பியபோது அடுத்து வரவேண்டிய நாளை ஹம்ஸியா கிருஷாந்தியிடம் இருமுறை சொல்லவைத்தாள். சாப்பாடு கிருஷாந்திக்கு இன்னும் போராட்டம்தான். அன்று காலையில் பாதி இடியப்பம் உள்ளே போயிருந்தது, பாதி தட்டிலேயே இருந்தது. கலாராணி இரண்டு பாதிகளைப் பற்றியும் ஒன்றும் பேசவில்லை.

லுணுகலையில் பஸ் நின்றபோது மழை தூறியது. ரெங்கம்மா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கம்மலை எடுத்தாள்.

"எங்க சின்னவ அழுதுக்கிட்டேதான் குடுத்தா. பெரிய மனுசி ஆனதும் வேற வாங்கித் தர்றேன்னு சமாளிச்சு வச்சிருக்கேன். நீதான் வந்து அவ வாய அடைக்கணும். காதக் காட்டு."

கிருஷாந்தி தலையைச் சாய்த்தாள். துளை பாதி தூர்ந்திருந்தது. ரெங்கம்மா எச்சில் தொட்டுக் கம்மலை மெல்லத் திருகினாள்.

"வலிக்குதா புள்ள?"

"வலிக்குது பெரியம்மா."

"சரி, மெதுவா."

கிருஷாந்தி கண்களை இறுக மூடிக்கொண்டாள். தலையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.