கழுத்துப் பலகை

பல்லாவரத்தில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் அந்தக் கம்பெனியில் முப்பது பெண்களுக்கு ஒரே ஒரு பலகைதான். கக்கூஸுக்குப் போகிறவள் சூப்பர்வைசர் பத்ரியின் மேஜையருகே ஆணியில் தொங்கும் அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போகவேண்டும். அவள் திரும்பி வந்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். ஓடுகிற மாட்டுக்குக் கட்டை கட்டுவார்களே, அந்த மாதிரி.

அதனால் அங்கே யாரும் தண்ணீரே குடிப்பதில்லை. காமு அக்கா பதினோரு வருஷமாக பாட்டில்கூடக் கொண்டுவருவதில்லை. "குடிச்சாத்தானே பேஜாரு?" என்பாள். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், பாவிகள். ரோஸியும்தான்.

போன வாரம் ரோஸிக்கு நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட்டது. "தண்ணி குடிக்காம கிட்னியைக் கெடுத்துக்காதே. தினம் மூணு லிட்டர்" என்றார் டாக்டரம்மா. மகள் சினேகாவின் காலேஜ் இந்த வேலையில்தான் ஓடுகிறது. உடம்பா, வேலையா என்று ரோஸி இரண்டு நாள் யோசித்தாள். யோசிக்க யோசிக்கக் கோபம்தான் வந்தது. என் தாகத்துக்கு நான் குடிக்கக்கூடாது என்று சொல்ல இந்த பத்ரி யார்?

செவ்வாய்க்கிழமை காலை மெஷினில் உட்கார்ந்ததும் பாட்டிலைத் திறந்தாள். பத்ரியைப் பார்த்துக்கொண்டே ஒரு லிட்டரையும் மடக் மடக்கென்று குடித்தாள். அரைமணி கழித்து எழுந்து, பலகையைத் தொடாமல் அவன் மேஜையைத் தாண்டி நடந்தாள்.

"ஹலோ, போர்டு எங்கம்மா?"

"ஆணியிலதான் கீது, சார்."

"அது இல்லாம போனா அப்படியே வீட்டுக்குப் போயிடு."

"வந்து பேசுறேன் சார். இப்ப அவசரம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

திரும்பி வந்தபோது பலகை அவளுடைய ஸ்டூலின் மேல் கிடந்தது. பத்ரி பக்கத்தில் நின்றான். "மாட்டிக்கிட்டு, எல்லார் முன்னாடியும் ஸாரி சொல்லு. இல்லைன்னா நாளைக்கு வராதே."

ரோஸிக்குப் பயம்தான், இல்லையென்று சொல்லமுடியாது. பலகையை எடுத்துக் கயிற்றைப் பிடுங்கி எறிந்தாள். குனிந்து, ஆறு மாசமாக ஆடிக்கொண்டிருந்த மெஷின் மேஜையின் காலுக்கடியில் அதைச் செருகினாள்.

"எத்தினி தபா சொன்னேன் சார், ஆடுதுன்னு. இப்ப ஸ்டெடியா கீது."

"வேலை போயிடும், தெரியுமில்ல?"

"போனா போவட்டும். ஒண்ணுக்குப் போறதுக்கு ஒருத்தன் கைல பர்மிஷன் கேக்குற பொழப்பு எனக்கு வாணாம்."

பலகையை எடுக்கவேண்டுமென்றால் பத்ரி குனியவேண்டும். இத்தனை பெண்களுக்கு முன்னால் ரோஸியின் காலடியில் குனிய அவனுக்கு மனசு வரவில்லை. மேஜையையே முறைத்துக்கொண்டு நின்றான்.

பின்வரிசையிலிருந்து காமு அக்காவின் குரல் வந்தது. "ஏ ரோஸி, அந்த பாட்டில்ல மிச்சம் கீதா? தொண்ட காயுது."

"காலி, அக்கா. குழாய்ல புடிச்சிக்கோ."

குழாய் கக்கூஸ் வாசலில் இருந்தது. காமு அக்கா எழுந்து வந்து பாட்டிலை வாங்கிக்கொண்டாள். பத்ரியைச் சுற்றிக்கொண்டு, கையை வீசி நடந்துபோனாள்.