ரோஸ் அல்மாவின் கால் சத்தம்

அப்பாவுக்குக் கேட்க வேண்டியிருந்தது தன் பிடில் அல்ல, அம்மா ரோஸ் அல்மாவின் கால்கள். எங்கள் கியூபெக்கில் ஆட்டத்துக்கு ரீல் என்ற துள்ளல் மெட்டை வாசிக்கிறவன், உட்கார்ந்தபடி தன் இரண்டு காலாலும் தரையில் தாளம் தட்டுவான். மொன்ட்ரியாலில் இசைத்தட்டுக்கு வாசித்தபோது அப்பாவின் முழங்கால் மரவெட்டு முகாமில் அடிபட்டு வீங்கியிருந்தது. அதனால் பக்கத்து நாற்காலியில் அம்மா உட்கார்ந்து தட்டினாள். அப்போது நான் அவள் வயிற்றில். தட்டில் தெலெஸ்போர் என்று அப்பா பெயர் மட்டும்தான் போட்டார்கள். உலகம் எப்போது நியாயமாக நடந்திருக்கிறது?

அம்மா போய்விட்டாள். அவள் குரல்கூட எங்கும் பதிவாகவில்லை. மிச்சமிருந்த அந்தக் கால் சத்தத்தையும் என் அண்ணன் பெர்னான் ஒரு புத்தாண்டு விருந்தில் தட்டின் மேலேயே உட்கார்ந்து நொறுக்கினான். அவனுக்கு நாற்காலியே தாங்காது, தட்டு எம்மாத்திரம்!

இப்போது ஒரு கம்பெனி அந்த ரீலை மறுபடி புதுத் தட்டில் வெளியிட்டிருந்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்த அப்பா, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தார். பட்டாணி சூப் ஆறிக்கொண்டிருந்தது.

"மெதுவா வைடா. நீ கைய வச்சாலே எனக்குப் பயமா இருக்கு."

"நின்னுக்கிட்டுதானேப்பா இருக்கேன்," என்றான் பெர்னான்.

பிடில் பளிச்சென்று கேட்டது. கால் சத்தம் இல்லை. பெர்னான் ஒலியைக் கூட்டினான். ம்ஹூம். உறையைத் திருப்பிப் பார்த்தேன். தேவையற்ற இடிச்சத்தங்களை நீக்கியிருக்கிறார்களாம். உறையை மேசையில் எறிந்தேன்.

"இடிச்சத்தமாம்! இவனுங்க காதுல இடி விழ! நிறுத்துண்ணே அத."

"இரும்மா. ரெண்டாம் பாதி வரட்டும்," என்றார் அப்பா.

ரெண்டாம் பாதியில் ஒரு கோணல் உண்டு. ஓரிடத்தில் சுரம் கொஞ்சம் கூடுதலாக நீளும். பழகாதவன் ஆடினால் இடறுவான். அந்தத் தட்டைக் கேட்டுக் கற்றவர்கள் எல்லோரும் அப்படியேதான் வாசிக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் அப்பா சிரிப்பார், சொல்லமாட்டார்.

அந்த இடம் வந்தது. அப்பா விரலை உயர்த்தினார்.

"இதோ. இங்கதான் நீ வயித்துக்குள்ள உதைச்சே. உங்கம்மாவுக்குத் தாளம் தப்பிடுச்சு. அவ மறுபடி பிடிக்கிற வரைக்கும் நான் வில்ல இழுத்துக்கிட்டே இருந்தேன்."

மெட்டு மேலே ஓடியது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவ சத்தத்த அழிச்சுட்டானுங்க. நான் அவளுக்குக் காத்திருந்தத எவன் அழிப்பான்? இன்னொரு தடவ வைடா."